ஏரியைக் கேட்டுவிட்டு அடிக்கிறவர்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் ஆண்டவனின் நேரடி உத்தரவின்பேரில் அடி வாங்கியிருக்கிறேன். மற்றபடி அப்பா, கணக்கு வாத்தியார், தாம்பரம் ரயிலில் என்னை வேறு யாரோ என்று நினைத்துக்கொண்ட ஒரு பெரியவர் என்று வாங்கியதெல்லாம் மனிதர்கள் சொந்தப் பொறுப்பில் கொடுத்தவை. அவற்றில் எதுவும் என்னைத் திருத்தவில்லை. ஆண்டவன் கொடுத்ததும் திருத்தவில்லை. ஆனால் இடது காதுக்குள் மூன்று நாள் மணி அடித்துக்கொண்டிருந்தது.

அதைக் கொண்டுவந்து சேர்த்தவர் சவுக்கு வெட்டுகிறவர். உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி தள்ளி, ஏரிக்கரையை ஒட்டிய ஒரு கிராமத்தில் நான் கிளை நூலகராக இருந்த ஆறு வருடங்களும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஊரில் இன்னும் சிலருக்குத் தாடை வலிக்கும்.

ஆள் ஒன்றும் மலை இல்லை. என்னைவிட அரை அடி குள்ளம். சவுக்குத் தோப்புகளில் விடியற்காலையிலிருந்து கோடாலி போட்டுப் போட்டு இறுகிய உடம்பு. கோபம் அவருக்கு வரும் என்று சொல்வது சரியாக இருக்காது. அது எப்போதும் அவருக்குள் வந்து உட்கார்ந்தே இருக்கும், எழுந்து நிற்பதுதான் பாக்கி. எழுந்து நின்றுவிட்டால், எதிரில் இருப்பவரிடம் இரண்டே வார்த்தை சொல்வார்.

"இரு, வரேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி ஏரிப்பக்கம் நடந்துவிடுவார். ஒரு மணி நேரம் ஆகும், சில சமயம் இரண்டு மணி. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பி வருவார். அடிப்பதா வேண்டாமா, அடிப்பதென்றால் எத்தனை என்று ஆண்டவரைக் கேட்டுக்கொண்டு வந்திருப்பார். "உனுக்குக் கெடையாது, போ" என்றால் போகலாம். "ரெண்டு" என்றால் இரண்டு. ஒன்று கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

இதற்கு மூலகாரணம் ஒரு பாதிரியார். நான் வருவதற்கு முந்தைய கதை. ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் முழங்கால் போட்டிருந்தவர் செல்போனில் பேசினார் என்று இவர் கோவிலுக்குள்ளேயே கை வைத்துவிட்டார். ரத்தம் பாய்மீது சிந்தியிருக்கிறது. பாதிரியார் தனியே கூப்பிட்டு, "கை ஓங்கறதுக்கு முன்னாடி ஆண்டவர ஒரு வார்த்தை கேளுப்பா" என்று சொல்லி அனுப்பினார். கேட்டால் ஆண்டவர் வேண்டாம் என்றுதானே சொல்வார் என்பது அவருடைய நம்பிக்கை. ஆண்டவர் சில சமயம் சரி என்றும் சொல்லக்கூடும் என்பதை இறையியல் கல்லூரியில் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் கோவிலுக்குப் போவதில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆளுங்க கீற எடத்துல அவரு பேசறது எனுக்குக் காதுல வுழாது சார். இரும்பறான், தும்பறான், பக்கத்து வூட்டுக்காரியப் பத்திப் பேசறான். ஏரியில ஒர்த்தனும் கெடையாது. நாரைதான். அது வாயத் தொறக்காது."

என் வழக்குக்கு வருகிறேன். அவர் மூன்றாவது வரைதான் படித்தவர். வேலை இல்லாத நாட்களில் நூலகத்துக்கு வந்து செய்தித்தாளை எழுத்துக் கூட்டி, சத்தம் போட்டுப் படிப்பார். "மு... தல்... வர்" என்று அவர் ஒரு வார்த்தையை முடிப்பதற்குள் எனக்கு ஒரு பத்தி தவறிப்போகும். நான் அப்போது மிகவும் உயர்ந்த புத்தகம் ஒன்றில் இருந்தேன், பொறுமையைப் பற்றியது. தலையைத் தூக்கி, "இது லைப்ரரி. படிக்கத் தெரிந்தவர்களுக்கு வைத்திருக்கிறது. பழகுவதற்கு ஆரம்பப் பள்ளிக்கூடம் எதிரே இருக்கிறது" என்றேன். பெஞ்சில் நான்கு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவர் செய்தித்தாளை மடித்து, இருந்த இடத்தில் வைத்தார். "இரு சார், வரேன்."

சிரித்த இரண்டு பேரும் உடனே வேறு வேலை நினைவுக்கு வந்து எழுந்து போனார்கள். பக்கத்து டீக்கடைக்காரர் மட்டும் எட்டிப் பார்த்தார். வாய் நிறைய வெற்றிலையும், ஊரின் மேல் நிறைய அபிப்பிராயங்களும் உள்ளவர்.

"இன்னா சார், உனுக்கும் சம்மன் வந்துச்சா? எங்கியும் ஓடிக்கீடிப் பூடாத. ஓடுனா தப்ப ஒத்துக்கினேன்னு ஆயிடும். குந்தினு இரு. பாதி பேருக்குத் தள்ளுபடிதான்."

ஊரில் யாரும் ஓடமாட்டார்கள் என்பதுதான் விசித்திரம். அவரிடமிருந்து "உனுக்குக் கெடையாது" என்று வாங்கிவிட்டால் கோர்ட்டில் விடுதலையான மாதிரி. அதன் பிறகு அந்த விஷயத்தை எடுத்து யாரும் வாய் திறக்கமுடியாது. அந்த விடுதலைக்கு ஆசைப்பட்டு, தாடையைப் பணயம் வைத்துப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் டீக்கடை பெஞ்சில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

நானும் உட்கார்ந்தேன். பொறுமையைப் பற்றிய புத்தகத்தில் அதே பக்கத்தை இருபது முறை படித்தேன்.

வந்தார். முகம் அப்போதுதான் குளிப்பாட்டி எடுத்த குழந்தையின் முகம். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு வெறுப்பு இல்லை.

"சார், உனுக்கு ஒண்ணுன்னாரு. நான் ரெண்டு கேட்டேன். படிச்ச ஆளு, தாங்கமாட்டாருன்னுட்டாரு. கண்ணாடியக் கயட்டிக்கோ."

கழற்றினேன். அடுத்து நினைவிருப்பது, தரையில் உட்கார்ந்து வார இதழ் அலமாரியின் கீழ்த்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து "அ... மைச்... சர்" என்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்திருந்தார். அதற்குப் பிறகு நான் இருந்தவரைக்கும் அந்த நூலகத்தில் சத்தமாகப் படிக்கலாம்.

மாலையில் அவருடைய தம்பி தைலப் பாட்டிலோடு வந்தார். அண்ணன் அடித்தவர்களுக்கெல்லாம் தைலம் தடவுவது தம்பியின் வேலை. கொத்தனார் கையாள், பூப்போலப் பேசுகிறவர். "மனசுல வெச்சிக்காத சார். ஒண்ணோட நின்னுச்சேன்னு நென" என்று என் காதைத் தடவினார். அண்ணன் இந்த உலகத்தில் ஒருவர்மேல் மட்டும் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை என்றால், அது அந்தத் தம்பி.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, பெற்ற தாயை அடிக்கிற ஒருவன் வழக்கு வரும்வரை. ஏரி அவனுக்கு ஐந்து கொடுத்தது. நடுத்தெருவில், நூலக வாசலில் நிறைவேற்றம். நான்காவதில் தாடை உடைந்தது. எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. காய்ந்த சவுக்கு மிலாறை முழங்காலில் வைத்து ஒடிப்பது போன்ற சத்தம். பல் ஒன்று என் வாசற்படியில் வந்து விழுந்தது. அவர் நிறுத்திவிட்டார். எல்லோரும் மூச்சு விட்டோம். இரண்டு மாதம் கழித்து, தாடைக் கட்டை அவிழ்த்து அவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கிய நிமிடம், எதிரே போய் நின்று, "ஒண்ணு பாக்கி கீதுபா" என்று சொல்லி ஐந்தாவதைக் கொடுத்தார். கோபமே இல்லாமல் கொடுத்தார். கோபத்தில் அடிக்கிறவர்களிடம் ஒரு மன்னிப்பாவது எதிர்பார்க்கலாம்.

அப்படி என்னதான் நடக்கிறது அந்த ஏரியில் என்று பார்க்க ஒருநாள் பின்னாலேயே போனேன். பனைமரத்துக்குப் பின்னால் ஒரு அரசு ஊழியர் ஒளிந்துகொள்வது அவ்வளவு சுலபமில்லை, தொப்பை வெளியே நிற்கும். மதகின் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே இடுப்பளவுத் தண்ணீரில் அவர் நின்றார். கையைக் கூப்பவில்லை, கண்ணை மூடவில்லை. கத்தினார். எதிராளி என்ன சொன்னான், தான் என்ன சொன்னேன், யார் யார் பார்த்தார்கள் என்று ஒன்று விடாமல் வானத்தைப் பார்த்துக் கத்தினார். இடையிடையே கெட்ட வார்த்தை. தண்ணீரை அறைந்தார். நாரைகள் எழுந்து பறந்தன. கழுத்து நரம்பு புடைத்து, எச்சில் வழிந்து, வலிப்பு வந்தவர் மாதிரி இருந்தது.

பிறகு ஒரு கட்டத்தில் ஓய்ந்துபோய்க் கரைச் சேற்றில் உட்கார்ந்தார். அசையவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். தண்ணீர் தெளிந்தது. எழுந்து போன நாரைகள் ஒவ்வொன்றாக அவருக்குப் பத்தடியில் வந்து இறங்கின. காற்று வந்து கோரையைச் சாய்த்துவிட்டுப் போனது. எனக்கே நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது. அது என்னவென்று இன்றுவரை நான் படித்த எதிலும் அகப்படவில்லை.

அகப்படாததால் நானே முயற்சி செய்தேன். அடுத்த ஞாயிறு காலை தியானம் பற்றிய புத்தகம் ஒன்றோடு அதே மதகுக்குப் போய் உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் மாவட்ட நூலக அலுவலருக்கு நான்கு பக்கக் கண்டனக் கடிதம் ஒன்றை மனத்துக்குள் எழுதி முடித்திருந்தேன், ஏழு இடங்களில் எறும்பு கடித்திருந்தது. ஆடு தேடிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த அவர் என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், புக்கு வெச்சிக்கினு குந்திக்கினுகீற? அந்தப் புக்குக்காரன் ஒரு பக்கம் பேசிக்கினு இருந்தா இவரு எப்டிப் பேசுவாரு?"

வெட்கத்தை மறைக்க, "உங்களிடம் மட்டும் எப்படிப் பேசுகிறார்?" என்றேன்.

ஆட்டை மறந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "பேசல்லாம் மாட்டாரு சார். எனுக்குள்ள ஒரு சத்தம் கீது. சின்ன வயசுலர்ந்து கீது. கொல்லு, வெட்டுன்னு கத்திக்கினே கெடக்கும். இங்க வந்து நானும் கூடக் கத்துவேன். கத்திக் கத்தி அது அடங்கிப்பூடும். அடங்கனப்புறம் இன்னா மிச்சம் நிக்குதோ, அதான் அவரு சொல்றது. பாதி நாளு ஒண்ணும் நிக்காது. அப்ப எப்டி இருக்கும் தெரியுமா? இப்பதான் பொறந்தா மாதிரி இருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நான் மாற்றலாகிப் போவதற்கு ஆறு மாதம் முன்பு அந்தத் தம்பி செத்துப்போனார். ஜல்லி ஏற்றிக்கொண்டு வந்த டிப்பர் லாரி, வேலைக்கு மொபெட்டில் போய்க்கொண்டிருந்தவரைப் புளியமரத்தோடு சேர்த்து நசுக்கிவிட்டது. உடலைக் கூட்டிச் சேர்த்துத்தான் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். லாரி ஓட்டியவர் அயலூர் ஆள் இல்லை. அதே தெரு, அண்ணன் தம்பி இரண்டு பேருடனும் சேர்ந்து வளர்ந்தவர். நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள். பிரேக் பிடிக்கவில்லை என்று வாக்குமூலம் கொடுத்தார். ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு லாரிக்காரர் நூலகத்துக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். புத்தகம் எதுவும் எடுக்கவில்லை. வெளியே டீக்கடைக்காரர் பாய்லரை அணைப்பது கேட்டது. மதியத்துக்கு முன்னால் அவர் பாய்லரை அணைத்து நான் பார்த்ததில்லை.

"என்னங்க?" என்றேன்.

"அண்ணன் ஏரிக்குப் போய்க்கீறாரு சார். இருன்னாரு. இருக்கறேன்."

"பிரேக் ஃபெயிலியர் என்று எழுதியிருக்கிறதே. அதற்கு எதற்கு ஏரி?"

அவர் தன் உள்ளங்கையையே பார்த்தார். "பிரேக்குலாம் நல்லாத்தான் கீது சார். தூங்கிப்புட்டேன். ரெண்டு நாளு கண்ணு மூடாம ஓட்டிக்கினு இருந்தேன், மூணாவது டிரிப்பு. கண்ணு முழிச்சா மரம்தான் தெரியுது. வக்கீலு சொன்னாருன்னு பிரேக்குன்னு எழுதிக் குடுத்துட்டேன். அண்ணங்கிட்டயும் அதான் சொன்னேன். பொட்டிய இறக்கக்குள்ள என் தோள்ல சாஞ்சிக்கினு அயுதாரு சார். எந்தோள்ல. இன்னிக்கிக் காலீல போய் நெசத்தச் சொல்லிப்புட்டேன்."

தாயை அடித்ததற்கு ஐந்து. இதற்கு எத்தனை என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"பதினொன்றரைக்கு பஸ் இருக்கிறது" என்றேன். "காஞ்சிபுரம் போங்கள், மதுராந்தகம் போங்கள், எங்கேயாவது போங்கள். குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். போலீஸுக்கு நான் போன் பண்ணுகிறேன்."

"போன்லாம் பண்ணாத சார்." கெஞ்சலாகத்தான் சொன்னார். "பொய் சொல்லிப்புட்டு ரெண்டு நாளு இருந்து பாத்துட்டேன். இதுக்கு அதுவே மேலு."

பதினொன்றரை பஸ் வந்து நின்றது, போனது. நான் போன் பண்ணவில்லை. பயம் என்று சொன்னால் பாதி உண்மை. ஏரி வேண்டாம் என்று சொல்லிவிடும் என்ற கேவலமான நம்பிக்கை எனக்கும் தொற்றியிருந்தது. இருநூறு ஆன்மிகப் புத்தகம் படித்தவனின் நிலைமை அது.

மத்தியானம் டீக்கடைக்காரர் கரைமேல் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். வெற்றிலை போடாத வாயை அன்றுதான் பார்த்தேன்.

"கத்திக்கினு கீறாரு. இப்டி நான் கேட்டதே இல்ல. மாடு வெட்டும்போது கத்தும் பாரு, அப்டி."

இரண்டு மணிக்கு மறுபடி போனார். "இன்னும் ஓயல."

மூன்று மணிக்கு, "நின்னுபோச்சி" என்றார். சொல்லிவிட்டு லாரிக்காரரின் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

சத்தம் நின்றால் தீர்ப்பு முடிந்தது என்று அர்த்தம். சாதாரணமாகக் கால் மணியில் வந்துவிடுவார். நான்கு ஆனது. தெருவில் கதவுகள் சாத்தியிருந்தன. லாரிக்காரர் சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். நான் அதை எடுத்து மறுபடி அவர் பையில் போட்டேன். அவர் மறுபடி வைத்தார்.

நாலரைக்குச் சவுக்கு வெட்டுகிறவர் வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதே குழந்தை முகம். சுருக்கமே இல்லை. இரண்டு கைகளையும் சேர்த்து ஈரத்துண்டால் சுற்றி வயிற்றோடு பிடித்திருந்தார். துண்டுக்குள் கத்தி என்று எனக்குப் பட்டது. டீக்கடைக்காரருக்கும் பட்டிருக்கவேண்டும், வாசலிலேயே நின்றுவிட்டார்.

லாரிக்காரர் எழுந்தார். "அடிண்ணே" என்றார்.

நான் குறுக்கே போனேன் என்று எழுத ஆசை. மேஜைக்குப் பின்னால் நின்றபடி, "எத்தனை சொன்னார்?" என்று கேட்டதுதான் நடந்தது.

"பூராவும் குடுத்துட்டாரு சார்."

லாரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"காலீலர்ந்து கத்துனேன். அடங்கிச்சி. அடங்கனப்புறம் ஒண்ணும் நிக்காதுன்னு நெனச்சிக் குந்திக்கினு இருந்தேன். நாரைலாம் வந்து எறங்கிச்சி. உள்ள பாத்தா, நிக்குது சார். தெளிவா நிக்குது. உசுர எட்த்துக்கோன்னு." லாரிக்காரரைப் பார்த்தார். "அவரு சொல்லி நான் ஒருநாளும் மீறுனது இல்ல."

"அண்ணே..." என்றார் லாரிக்காரர்.

"சும்மா இருடா. இங்க வர்ற வயில என் வூடு கீது. வூட்ல கோடாலி கீது. அதாண்ட வந்துட்டா என் கை நான் சொன்னா கேக்காது."

துண்டின் ஒரு முனையைப் பல்லால் கவ்வி இழுத்தார். துண்டு அவிழ்ந்து தரையில் விழுந்தது. துண்டின் ஈரம் என்று அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தது தண்ணீர் இல்லை. விரல்கள் இருந்த இடத்தில் விரல்கள் இருந்தன, ஆனால் ஒன்றும் அதனதன் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வலது கையில் கணுக்கள் வரிசையாகத் தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக வெளியே வந்திருந்தன. இடது மணிக்கட்டு வேறு யாருடையதோ போலத் தொங்கியது.

"மதகுக் கல்லு" என்றார். "வலதுதான் சீக்கிரம் ஆச்சி. எடது ஒடையறதுக்கு நேரமாயிப்போச்சி. அதான் லேட்டு."

டீக்கடைக்காரர் வாசற்படியிலேயே குந்தி வாந்தி எடுத்தார். நான் ஆம்புலன்ஸுக்கு மூன்று முறை தப்பான எண்ணை அழுத்தினேன். நான்காவது முறைதான் போனது. இருபது நிமிடம் ஆகும் என்றார்கள்.

அவர் பெஞ்சில், லாரிக்காரர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உதடு வெளுத்துப் பல் அடித்துக்கொண்டது. "குளுருது. ஒரு டீ குடுங்கபா" என்றார். டீக்கடைக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் ஸ்டவ்வில் போட்டு எடுத்துவந்தார். டம்ளரை நீட்டியபிறகுதான், அதை வாங்க எதிரே கை இல்லை என்பது அவருக்கு உறைத்தது. அப்படியே நின்றார்.

லாரிக்காரர் டம்ளரை வாங்கினார். மண்டியிட்டு அதை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். டீ சட்டையில் சிந்தியது.

"சூடா கீதுடா" என்றார் அவர். "ஊதிக் குடு."

லாரிக்காரர் ஊதினார். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் வழிய வழிய, அதைத் துடைக்காமல் ஊதினார். ஆவி அடங்கிப்போனபிறகும் ஊதிக்கொண்டே இருந்தார், "போதும்டா, ஆறிப்பூடும்" என்று அவர் வாயைத் திறக்கிறவரைக்கும்.